அரக்கு எது, பச்சை எது

பள்ளிக்கூடத்தில் நான் கேஸ் எடுக்க ஆரம்பித்த முதல் மாதத்திலேயே ஓர் அப்பா, சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல், ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். "இன்னா டீச்சர், எம் பொண்ணு மேல கேஸ் போட்டுக்கிறீங்களாமே? அது இன்னா தப்பு பண்ணிச்சு?" என்றார். பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்து டீயைப் புடவையில் கொட்டிக்கொண்டார். விஷயம் இவ்வளவுதான். முந்தின நாள் அந்தப் பெண் வீட்டில், "நாளைக்கு எனக்குக் கேஸ் இருக்குது, பயாலஜி டீச்சர் குடுத்திருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள். ஆரணியில் கேஸ் என்றால் ஒன்று கோர்ட்டு, இல்லாவிட்டால் அடுப்பு, அதுவும் இல்லாவிட்டால் வயிற்றில் வாயு. நான்காவதாக ஓர் அர்த்தத்தை நான் கொண்டுவந்து சேர்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த வேலையில் சேர்ந்தேன். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு விலங்கியல். ஆரம்பத்தில் நானும் எல்லோரையும் போல நோட்ஸ் கொடுத்தேன். பிள்ளைகள் இதயத்தின் படத்தை அச்சு அசலாக வரைவார்கள். ஒவ்வோர் அறைக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதி, வண்ணப் பென்சிலால் தீட்டியும் வைப்பார்கள். ஒருநாள் சும்மா கேட்டேன்: "இரைப்பை எங்க இருக்கு? அவங்கவங்க உடம்புல கைய வச்சுக் காட்டுங்க." மொத்த வகுப்பும் தொப்புளில் கைவைத்தது. ஒருத்தன் இடுப்பில் வைத்தான். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த சாக்பீஸ் உடைந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் வகுப்பில் அந்தச் சுரைக்காயை வைத்துத்தான் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கேஸுக்கு என்று ஆனது. போர்டில் நாலு வரி எழுதுவேன். "வயது நாற்பத்தைந்து. மளிகைக் கடை வைத்திருக்கிறார். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது." அப்புறம் நான்தான் அந்த மளிகைக் கடைக்காரர். நானேதான் அவர் பெண்டாட்டியும். பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். எந்த உறுப்பு, அது செய்ய வேண்டிய வேலை என்ன, எங்கே தவறியது என்பதெல்லாம் முதலில். நோயின் பெயர் கடைசியில். பெயர் தெரிந்துவிட்டால் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

முதல் வாரம் வந்த பதில்கள் செய்வினை, கண்ணேறு, "கேஸ் டீச்சர், ஒரு சோடா குடிச்சா சரியாப் பூடும்." நாலைந்து மாதம் போனபின் அதே வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "அவருக்குக் கால்ல காயம் பட்டா சீக்கிரம் ஆறுதா, ஆறலையா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் வீடு வரைக்கும் நடந்தே போனேன்.

கேஸில் வருகிறவர்கள் எல்லோரும் என் கற்பனை. பெயர், தெரு, சாதி எதுவும் இருக்காது. ஆனால் இந்த ஊரிலா அது எடுபடும்? கழுத்து வீங்கிய கல்யாணப் பெண் ஒருத்தியை நான் உட்கார்ந்த இடத்தில் உருவாக்கினேன். மறுவாரம் மூன்று வீடுகளில் என் மேல் கோபம். தலைமையாசிரியர் கூப்பிட்டு, "போர்ஷன முடிங்க டீச்சர், ஊர முடிச்சிடாதீங்க" என்றார். நல்ல மனிதர். கேஸை நிறுத்தச் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது, இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு எடுத்த ஒரு கேஸைப் பற்றி. மரபியல் பாடம். போர்டில் இப்படி எழுதினேன்: "பையன். வயது பதினேழு. கடைசி பெஞ்சில் இருந்தே போர்டைப் படிக்கிறான். ஆனால் கிரிக்கெட் ஆடும்போது புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்து அவன் கண்ணில் படுவதில்லை. கடையில் தக்காளியை அமுக்கிப் பார்த்துத்தான் பழமா காயா என்று சொல்கிறான்."

"கவனம் இல்ல டீச்சர். முதுகுல ரெண்டு வச்சா சரியாயிடும்" என்றான் ஒருத்தன். வகுப்பே சிரித்தது. கேஸில் வருகிற பையன் வீட்டிலும் அதையேதான் சொல்கிறார்கள் என்றேன். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு, பந்தும் தக்காளியும் சிவப்பு, புல்லும் காயும் பச்சை என்கிற இடத்துக்கு அவர்களே வந்துசேர்ந்தார்கள். அப்புறம் படம் போட்டேன். மேலே தாத்தா. அவருக்குக் கீழே மகள். மகளுக்கு எல்லா நிறமும் தெரியும், ஆனால் அவள் வழியாக அது இறங்கி மகனுக்கு வருகிறது. அப்பா வழியில் மகனுக்கு வராது. கடைசியாகப் பாடப்புத்தகத்தில் உள்ள பெயரை எழுதினேன்: நிறக்குருடு. எழுதி முடிப்பதற்குள் பின் பெஞ்சில் ஒருத்தன் இன்னொருத்தனை "டேய் குருடு" என்று கூப்பிட்டாகிவிட்டது. என் கையில் இருந்த டஸ்டர் பறந்தது.

மணி அடித்து எல்லோரும் போனபின் ஒரு பையன் மட்டும் போகவில்லை. ஜன்னலோரம் உட்காருகிறவன், வாயைத் திறக்காதவன், சுமாராகப் படிக்கிறவன். பட்டுத்தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பள்ளி விட்டதும் தறியில் உட்கார்ந்துவிடுவான், அதனால் டியூஷன் எதுவும் கிடையாது.

"அந்தக் கேஸ் யாரு டீச்சர்?"

"யாருமில்லடா. நானா எழுதினது."

"இல்ல டீச்சர். அது நான்தான்."

விளையாடுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவன் அப்பா பச்சையும் அரக்கும் மாறி மாறி வருகிற கட்டம் போட்ட புடவை ஒன்றைத் தறியில் ஏற்றியிருந்தார். அரக்கு என்றால் எங்கள் பக்கத்துப் புடவைகளில் வருகிற அடர்ந்த சிவப்பு. நடுவில் காஞ்சிபுரம் வரைக்கும் போகவேண்டி வந்ததால், பையனை நெய்யச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் பச்சை வரவேண்டிய கட்டத்தில் அரக்கு. பட்டில் நெய்ததைப் பிரிப்பது லேசான காரியம் இல்லை, பாவு நூல் அறுந்துபோகும். அடி விழுந்திருக்கிறது. அடுத்த மாதமே மறுபடியும் அதே தப்பு.

"பன்னெண்டாவது போற வரைக்கும் நீ கலர் மாத்துனதே இல்ல, இப்ப மட்டும் எப்படிடா மாறும், படிப்பு ஏற ஏற கொழுப்பும் ஏறிப்போச்சுன்றாரு டீச்சர். தறியிலேர்ந்து தப்பிக்கறதுக்கு வேணும்னே கெடுக்கறேனாம். பொங்கலுக்கு அப்புறம் பள்ளிக்கூடம் வாணாம், என் கண்ணு எதிர்ல குந்துன்றாரு." பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "அடிச்சதுகூடப் பரவால்ல டீச்சர். வேணும்னே பண்றேன்னு நெனைக்கிறாரே, அதான்."

எனக்கு மனசு தாங்கவில்லை. கண்ணாடி மாற்ற வேலூருக்குப் போனபோது அங்கே கண் டாக்டரிடம் மன்றாடி, நிறப் பார்வையைச் சோதிக்கிற பழைய புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். பக்கம் பக்கமாக வண்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண். லேபில் உட்காரவைத்துக் காட்டினேன். முக்கால்வாசிப் பக்கங்களில் அவனுக்கு எண்ணே தெரியவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

குழித்தறியில் உட்கார்ந்திருந்த அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து மேலே வந்தார். "வாங்க டீச்சர், குந்துங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மூக்குக் கண்ணாடி, நெற்றியில் விபூதி, கோபக்காரர் என்று சொல்ல முடியாத முகம். அவன் அம்மா காபி கொண்டுவந்தாள். கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி நாலைந்து மாதம்தான் ஆகிறதாம், வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் நடந்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "நீங்க படிச்சவங்க, சொல்றீங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். இவன் சின்ன வயசுலேர்ந்து தறியில குந்திகினு இருக்கான். போன வருஷம் வரைக்கும் ஒரு நாடாகூட மாறிப் போட்டது கிடையாது. பொறப்புலயே கண்ணு இப்படின்னா, அப்பல்லாம் எப்படி மாறாம நெய்ஞ்சான்?" என்றார். நாடா என்றால் குறுக்கு நூலை ஏற்றித் தறியில் இங்கும் அங்கும் ஓடவிடுகிற கட்டை.

நியாயமான கேள்வி. வகுப்பில் நானே சொல்வேன், எது பொருந்தாமல் நிற்கிறதோ அதை விடாதீர்கள் என்று. பையனைப் பார்த்தேன். அவனுக்கும் தெரியவில்லை. அவன் அம்மா மட்டும் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

புத்தகத்தைத் திறந்தேன். ஒவ்வொரு பக்கமும் திருப்பத் திருப்ப அப்பா எண்ணைச் சட்டென்று சொன்னார். அரக்கிலேயே பத்து தினுசு பிரிக்கிற கண் அது. பையன், "தெர்ல", "தெர்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

"தெர்லன்னு சொல்றது இன்னா கஷ்டம் டீச்சர்? நானும்தான் சொல்வேன்" என்றார் அப்பா.

அதற்காகத்தான் ஒரு பக்கத்தைத் தள்ளி வைத்திருந்தேன். அதைத் திருப்பி, "இதுல என்ன தெரியுதுங்க?" என்றேன். பார்த்தார். கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஒண்ணுமில்லியே. வெறும் புள்ளி."

நின்ற இடத்திலிருந்தே பையன் சொன்னான்: "அஞ்சு."

கடைசிப் பக்கத்தில் விடைகள் இருந்தன. அப்பாவையே புரட்டிப் பார்க்கச் சொன்னேன். ஐந்து என்றுதான் போட்டிருந்தது. மறுபடி அந்தப் பக்கத்துக்கு வந்து அவர் தேடு தேடு என்று தேடினார். எனக்கும் அந்த எண் தெரியாது என்றேன். "கடைத்தெருவுல ஸ்பீக்கர் அலறும்போது பக்கத்துல பேசறது கேக்காது இல்லீங்களா? சிவப்பும் பச்சையும் நம்ம கண்ணுல அந்த மாதிரி அலறுது. இவனுக்கு அந்தச் சத்தம் இல்ல, அதனால உள்ள இருக்கற எண் தெரியுது. தெரியலன்னு பொய் சொல்லலாம். இல்லாததத் தெரியுதுன்னு எப்படிங்க பொய் சொல்ல முடியும்?"

அப்பா புத்தகத்தை மூடினார். "அப்ப குருடனா?" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"அந்தப் பேச்சே எடுக்காதீங்க. உங்களையும் என்னையும் விட அவன் பார்வை நல்லா இருக்கு. சில கலரு பிரிஞ்சு தெரியாது, அவ்வளவுதான். கூடவும் கூடாது, கொறையவும் கொறையாது. மருந்து கிடையாது."

"எங்கேர்ந்து வந்துச்சு இது?"

இந்தக் கேள்விக்கு வகுப்பிலேயே நல்ல பதில் எழுதியிருந்தவன் அவன்தான். போன வாரத் தேர்வில் தாத்தா, மகள், பேரன் என்று படம் போட்டு, பத்துக்குப் பத்து வாங்கியிருந்தான். இப்போது சமையலறைக் கதவைப் பார்த்தான். அம்மா அங்கே நின்றிருந்தாள்.

"அது யாருக்கு வேணா வரும்பா. இன்னார்கிட்டேர்ந்துன்னு எல்லாம் கெடையாது" என்றான்.

என் பேப்பரில் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் முட்டை போட்டிருப்பேன். அப்பா என் பக்கம் திரும்பினார். "ஆமாங்க," என்றேன், "யாருக்கு வேணா வரும்." போர்டில் அம்புக்குறி போடுவது சுலபம். அந்த அம்பு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் யாரைக் குத்தும் என்று அந்தப் பையன் எனக்கு முன்னாலேயே யோசித்து வைத்திருந்தான். அந்த ஒரு பொய்க்காக அவன் மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

ஆனால் அம்மா விடவில்லை. "ஏன்டா பொய் சொல்ற?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தாள். "எங்கப்பாவுக்கு இருந்துச்சு டீச்சரம்மா. சேத்துப்பட்டுப் பக்கம் எங்க ஊரு, அவரும் தறிதான். அரக்கு எது, பச்சை எதுன்னு அவருக்குத் தெரியவே தெரியாது. நான்தான் சின்ன வயசுல பக்கத்துல குந்திகினு ஒவ்வொரு தாரா எடுத்துக் குடுப்பேன்." நாடாவுக்குள் வைக்கிற, நூல் சுற்றிய சின்னக் குழலுக்குத் தார் என்று பெயர்.

அப்பாவின் முகம் மாறியது. "ஓகோ. அப்ப இது உங்க வூட்டு சீரா? அண்டா குண்டாவோட இதையும் சேத்துத்தான் அனுப்சாரா எங்க மாமனாரு?"

பையன் பயந்தது இதற்குத்தான். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவளுக்கு என் உதவி தேவைப்படவில்லை.

"ஆமா, அனுப்சாரு. அதுக்குத் தோதா என்னையும்தான் அனுப்சாரு. இவன் தறியில குந்துன அன்னிக்கே நான் தெரிஞ்சிகினேன். பச்சைத் தார பிஸ்கட் டப்பாவுல போடுவேன், அரக்க எவர்சில்வர் கிண்ணத்துல போடுவேன். ஒரு நாளும் மாத்த மாட்டேன். அவன் டப்பாவப் பாத்து எடுப்பான், கிண்ணத்தப் பாத்து எடுப்பான். ஒரு கட்டம் தப்புச்சா? நான் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்திருந்தப்பதானே தப்புச்சு? அப்ப எல்லாத் தாரையும் அள்ளி ஒரே கிண்ணத்துல கொட்டி வெச்சது யாரு?"

எனக்குப் பொருந்தாமல் நின்றது இப்போது பொருந்திவிட்டது. பையன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் சாமான் வைக்கிற வழக்கம் அது என்றுதான் அவன் இத்தனை நாளும் நினைத்திருக்கிறான்.

"அடி வாங்கறப்பவே சொல்லியிருப்பேன்," என்றாள் அம்மா. "தறிக்காரன் புள்ளைக்குக் கலர் தெரியாதுன்னு ஊரு பேசுமேன்னு பயந்துகினு இருந்துட்டேன். பின்னாடி ரெண்டு பொண்ணுங்க வேற இருக்குது."

பள்ளிக்கூடத்தை நிறுத்தும் பேச்சு அதற்கப்புறம் அந்த வீட்டில் எழவில்லை. பையன் பரிட்சை எழுதினான், காலேஜுக்கும் போனான். ரயில்வே வேலைக்கு மட்டும் மனு போடாதே என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். ஆனால் அன்றைக்குப் படிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பா எழுந்து தறியண்டை போனார். பச்சை உடம்புக்கு அரக்குப் பார்டர் வைத்த புடவை ஒன்று தறியில் பாதி வளர்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய ஜரிகைக் கோடு. நானே விலை கேட்டிருப்பேன், அவ்வளவு எடுப்பாக இருந்தது.

"இங்க வாடா" என்று கூப்பிட்டார். அவன் தயங்கித் தயங்கிப் போனான்.

"இது எப்பிடித் தெரியுது உனக்கு?"

பையன் என்னைப் பார்த்தான். "ஜரிகை நல்லாத் தெரியும்பா" என்றான்.

"ஜரிகை கெடக்கட்டும். உடம்பும் பார்டரும்?"

"ரெண்டும் ஒண்ணாத்தாம்பா தெரியும்."

அப்பா நெய்த துணி மேல் உள்ளங்கையை வைத்து ஒருமுறை தடவினார். அப்புறம் பையன் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப, இத்தினி வருஷமா நான் நெய்ஞ்ச பொடவ ஒண்ணக்கூட நீ பாத்ததே இல்லியாடா?"